ரகசியத்தின் சொந்தக்காரன்

வாக்குறுதிகளில் பெரும்பாலானவை ஒரு காரியத்தைச் செய்வதாகத் தரப்படுபவை. கடனைத் திருப்பித் தருகிறேன், நாளை வருகிறேன், உன் பிள்ளையைப் படிக்க வைக்கிறேன். இவற்றைக் காப்பாற்றியவனிடம் காட்டுவதற்கு ஏதாவது ஒன்று மிஞ்சும். பேசாதிருப்பேன் என்கிற வாக்குறுதி வேறு இனம். அதைக் காப்பாற்றியதற்குச் சாட்சி கிடையாது. மீறியதற்கு மட்டுமே சாட்சி உண்டு. எதைக் காப்பாற்றுகிறான் என்பது பிறருக்குத் தெரியக் கூடாது என்பதே அதன் நிபந்தனையாக இருப்பதால், அதைக் காப்பாற்றுகிறவன் தன் நேர்மையோடு தனியாக விடப்படுகிறான். ஆகவே தார்மீக விசாரத்துக்கு மற்ற வாக்குறுதிகளைவிட இதுவே அதிகம் உட்பட வேண்டியது. நடைமுறையில் இதுதான் மிகக் குறைவாக யோசிக்கப்பட்டு மிக வேகமாகக் கையெழுத்திடப்படுகிறது.

நான் கையெழுத்திட்ட ஒன்றைப் பற்றியதே இந்தக் கட்டுரை. 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. அதை நிலைநிறுத்திய 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, வங்கியின் இயக்குநரிலிருந்து கடைசி ஊழியன் வரை எல்லோரும் வேலையை ஏற்குமுன் ஓர் உறுதிமொழி தர வேண்டும் என்கிறது. விசுவாசமும் ரகசியமும் பற்றிய உறுதிமொழி. அதன் வாசகம் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் இருக்கிறது. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

வேலையில் சேர்ந்த நாளில் என் முன் வைக்கப்பட்ட காகிதங்கள் இருபதுக்குக் குறையாது. வாரிசு நியமனம், சேம நிதி, சொந்த ஊர் விவரம், சங்கச் சந்தா. கையெழுத்து விழ வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. பெருக்கல் குறியைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. ஒரு கவிதையில் ஒற்றைச் சொல் இடம் தவறி விழுந்திருக்கிறதென்று நண்பர்களோடு இரவு இரண்டு மணிவரை சண்டை போடுகிறவன் நான். ஆயுள் முழுக்க என் வாயைக் கட்டுகிற ஒரு பக்க உரைநடையை, அதுவும் நான் பட்டத்துக்குப் படித்த ஆங்கிலத்தில் இருந்ததை, வாசிக்கவில்லை. அன்று என்னோடு சேர்ந்தவர்களும் வாசிக்கவில்லை. காகிதங்களை அடுக்கி வாங்கிக்கொண்டவரும், தான் சேர்ந்த நாளில், வாசித்திருக்கமாட்டார் என்று நம்ப இடமிருக்கிறது.

தனியார் கம்பெனிகளில் இது இன்னும் விரிவான சடங்கு. இரண்டு ஸ்தாபனங்கள் வியாபாரம் பேச உட்காருமுன் ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்று கைமாறுகிறது. வியாபாரப் பிரிவு அதைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பும். எந்த ஊர் நீதிமன்றம், எத்தனை ஆண்டு, எதெல்லாம் ரகசியம், நஷ்ட ஈடு யார் தலையில் என்று சட்டப் பிரிவு பார்க்கும். ஆனால் எந்தத் தகவல் நிஜமாகவே கைமாறப் போகிறது என்பது அதற்குத் தெரியாது. அது தெரிந்த வியாபாரப் பிரிவுக்கு ஷரத்துகள் தெரியாது. கையெழுத்திடும் அதிகாரம் படைத்தவருக்கு இரண்டும் தெரியாது; ஓரத்தில் இரண்டு சுருக்கொப்பங்கள் விழுந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் தன் பெயரைப் போடுகிறார். மூன்று பேர் படித்ததாகக் கணக்கு. முழுதாகப் படித்தவர் ஒருவரும் இல்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரின் வாசிப்பின்மேல் சாய்ந்து நிற்கிறார்கள். பொறுப்பு பங்கிடப்படவில்லை, ஆவியாகிறது.

மெல்வில் 1853இல் எழுதிய ‘பார்ட்டில்பி’ கதையின் குமாஸ்தாவை மறுப்பின் உருவமாகவே எல்லோரும் பேசுகிறார்கள். அவன் முதலில் மறுத்த வேலை எது என்பதை அதிகம் கவனிப்பதில்லை. பிரதி எடுக்க அவன் முதலில் மறுக்கவில்லை. பசித்தவன்போல் இரவும் பகலும் எடுத்துத் தள்ளுகிறான். எடுத்த பிரதியை மூலத்தோடு வைத்துச் சரிபார்க்கக் கூப்பிடும்போதுதான், மிகப் பணிவாக, மறுக்கிறான். அலுவலகத்தின் மற்ற வேலைகளுக்குக் கை போதும்; சரிபார்ப்பதற்கு மட்டும் மனிதன் தேவைப்படுகிறான். அந்த மனிதனைத் தர அவன் சம்மதிக்கவில்லை. நாம் அனைவரும் அறிவிக்காமல் தினமும் செய்கிற மறுப்பை அவன் அறிவித்துச் செய்தான் என்பதே வித்தியாசம். இன்று கம்ப்யூட்டர் திரையில் ‘படித்து ஏற்றுக்கொண்டேன்’ என்ற கட்டத்தில் அடையாளம் இடுகிற ஒவ்வொருவரும், அந்த மறுப்பையும் அது மறுப்பல்ல என்ற பொய்யையும் ஒரே விரலசைவில் செய்துவிடுகிறார்கள்.

*

இதனால் ரகசிய உறுதிமொழியே ஒரு வெற்றுச் சடங்கு என்று முடிவு கட்டிவிடலாமா? அப்படி நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அதன் அவசியம் புரிந்தது ஒரு டீக்கடையில்.

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். இங்கே ஒருவருக்கு எத்தனை தறி ஓடுகிறது என்பதைத் தெருவில் நின்று காதாலேயே ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அந்தத் தறிகள் யாருடைய பணத்தில் ஓடுகின்றன என்பது காதுக்குக் கிட்டாது. அந்தக் கணக்கு எங்களைப் போன்றவர்களின் பேரேட்டில் இருக்கிறது. ஆடித்தபசு முடிந்து ஆவணியில் கல்யாணப் பேச்சுகள் நடக்கும் காலத்தில், அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள ஊரில் பலருக்கு நியாயமான ஆவல் இருக்கும்.

ஒரு மாலை, மதிப்புக்குரிய பெரியவர் ஒருவர் டீக்கடையில் என் பக்கத்தில் வந்து நின்றார். ஆளும் ஆண்டும் தெரியாதபடி மாற்றியே இதை எழுதுகிறேன். “தம்பி, தப்பா நினைக்காதீய. அந்த வீட்டுக்காரவுக உங்க பேங்க்லதான் வரவு செலவு. கடன் கிடன் ஏதும் உண்டுமா?” பெண்ணைக் கொடுக்கப் போகிறவரின் கேள்வி. “அண்ணாச்சி, அதெல்லாம் நான் சொல்லக் கூடாது” என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். “சரி, புரிஞ்சுட்டு” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை.

அந்தக் கணக்கில் கடன் இருந்ததா இல்லையா என்பதை இங்கும் நான் எழுதப் போவதில்லை. அது தெரிந்தால் நல்லது என்று வாசகனுக்குத் தோன்றுமானால், பெரியவரின் இடத்தில்தான் வாசகனும் நிற்கிறான். மௌனத்தை மௌனமாக ஏற்க நமக்குத் தெரிவதில்லை. அதற்குள் ஒரு பதிலைத் தேடி எடுத்துவிடுகிறோம். கடன் இல்லாதபோது ‘இல்லை’ என்றும், இருக்கும்போது ‘சொல்லக் கூடாது’ என்றும் பதில் சொல்கிற குமாஸ்தா ரகசியம் காப்பதில்லை; இரண்டாவது பதிலால் அவன் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். மௌனம் எதையும் சொல்லாமலிருக்க வேண்டுமானால் எல்லோரைப் பற்றியும், எப்போதும், ஒரே மாதிரி இருக்க வேண்டும். நல்லவனைக் காப்பாற்றத் தோன்றும் இடத்திலும் வாயைத் திறக்கக் கூடாது. தனி மனிதனின் விவேகத்துக்கு விடாமல், எல்லோரிடமும் ஒரே காகிதத்தில் கையெழுத்து வாங்குவதன் தர்க்கம் இதுதான். இன்னொரு பயனும் உண்டு. செல்வாக்குள்ளவர் கேட்கும்போது, ‘எனக்கு விருப்பம்தான், காகிதம் விடாது’ என்று சொல்ல ஒரு பலவீனனுக்கு அந்தக் காகிதம் இடம் தருகிறது.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதைப் பலர் பார்த்திருக்கலாம். பேரம் நடப்பது எல்லோருக்கும் தெரியும். விலை மட்டும் இரண்டு கைகளுக்குள் இருக்கிறது. சுற்றி நிற்பவர்கள் தாங்கள் ஏமாற்றப்பட்டதாக நினைப்பதில்லை. அந்த விலை அந்த இருவருடையது. ரகசியமும் பொய்யும் ஒன்றல்ல என்பது சந்தைக்குப் போகிறவனுக்குத் தெரிகிறது. ஜெர்மானியச் சமூகவியலாளர் ஸிம்மெல் 1906இல் ரகசியம் பற்றி வெளியான கட்டுரையில் இதைத்தான் வேறு பாஷையில் சொன்னார்: ரகசியம் என்பது ஒரு வடிவம், அதற்குள் வைக்கப்படுவது நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி.

வங்கியின் ரகசியக் கடமையைச் சட்டம் முதன்முதலில் தெளிவாக வரையறுத்ததும் டீக்கடை மாதிரியான ஒரு பேச்சிலிருந்துதான். லண்டனில் 1923இல் முடிவான டூர்னியே வழக்கு அது. டூர்னியே என்பவர் வங்கிக்கு ஒன்பது பவுன் சொச்சம் பாக்கி. வாரம் ஒரு பவுன் கட்டுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு நிறுத்திவிட்டார். அவருடைய வீட்டு விலாசத்தைக் கேட்க, அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த கம்பெனிக்கு மானேஜர் போன் செய்தார். பேச்சுவாக்கில் பாக்கியைப் பற்றியும், அவருடைய பணம் பந்தயக்காரன் ஒருவனுக்குப் போனதைப் பற்றியும் சொன்னார். மூன்று மாத ஒப்பந்தம் முடிந்ததும் டூர்னியேக்கு வேலை போயிற்று. அப்பீல் நீதிமன்றம் வங்கியின் மௌனம் வெறும் மரியாதை அல்ல, ஒப்பந்தக் கடமை என்றது. நான்கு விலக்குகளும் தந்தது: சட்டத்தின் கட்டாயம், பொதுமக்களுக்கான கடமை, வங்கியின் சொந்த நலன், வாடிக்கையாளரின் சம்மதம். நூறு ஆண்டுகள் கழிந்தும் வங்கி ரகசியம் பற்றிய பேச்சு இந்த நான்கைச் சுற்றியே ஓடுகிறது. இந்தியச் சட்டத்தின் 13ஆவது பிரிவு ‘வங்கியாளர்களின் வழக்கம்’ என்று சொல்லும்போதும் இந்த வழக்கின் நிழல் அதன்மேல் விழுகிறது.

நான்கில் மூன்றாவதைக் கவனிக்க வேண்டும். வங்கியின் நலன். மௌனம் யாருக்காகக் காக்கப்படுகிறதோ அவனுக்கு எதிராகவே அதைத் திறக்க ஒரு சாவி. அதே சாவி பூட்டவும் பயன்படும்.

*

பூட்டுவதும் திறப்பதும் எப்படி நடக்கின்றன என்று பார்க்கப் பத்திரிகையைப் பிரித்தால் போதும். 2002ஆம் ஆண்டு வந்த கடன் மீட்புச் சட்டத்தின் விதிகளின்படி, வீட்டை ஈடு வைத்தவன் தவறினால், வங்கி அந்தச் சொத்தைச் சுவாதீனம் எடுத்த அறிவிப்பு இரண்டு தினசரிகளில் வர வேண்டும். ஒன்று வட்டார மொழியில். அவன் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், பாக்கித் தொகை எல்லாம் அவன் தெருவில் இருப்பவர்கள் வாசிக்கும் தமிழில் அச்சாகின்றன. சொத்தை வாங்க வருகிறவர்களுக்கு எச்சரிக்கை என்பது காரணம், காரணத்தில் பிழையில்லை. ஆனால் பெரிய கடன்காரர்களின் பட்டியலையும் வங்கிகளின் தணிக்கை அறிக்கைகளையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, ரிசர்வ் வங்கி நம்பிக்கை உறவையும் ரகசியத்தையும் காரணம் காட்டி மறுத்தது. 2015 டிசம்பரில் ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது: ரிசர்வ் வங்கியின் கடமை பொதுமக்களுக்கு, தனித்தனி வங்கிகளின் லாபத்துக்கல்ல. 2020இல் ஒரு விண்ணப்பத்துக்குப் பதிலாக, வேண்டுமென்றே தவறிய 50 பெரிய கணக்குகளின் பெயர்களும், 2019 செப்டம்பர் வரை கணக்கிலிருந்து தள்ளி வைக்கப்பட்ட 68,607 கோடி ரூபாயும் வெளியே வந்தன. 2022இல் வேறோர் அமர்வு, 2015 தீர்ப்பில் தனி மனிதரின் அந்தரங்கம் போதிய அளவு எடைபோடப்படவில்லை என்று கருதி, வங்கிகளின் மனுக்களை விசாரிக்கச் சம்மதித்தது. ஆக, இது இன்னும் தீராத வழக்கு. அந்தரங்கம் என்ற வாதத்தை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். டீக்கடையில் அதைத்தான் நானும் காத்தேன். ஆனால் ஒன்பது பவுன் டூர்னியேயின் அந்தரங்கம், கோடிகளின் கூடாரத்துக்கு முட்டுக்கம்பாகப் பயன்படுவதைப் பார்க்காமலிருக்க முடியவில்லை.

தேர்தல் பத்திரங்களும் இப்படித்தான். 2018இல் வந்த திட்டத்தின்படி, வாங்கியவர் யார் என்பதை ஸ்டேட் வங்கி ரகசியமாக வைத்திருக்கும். நீதிமன்றம் கேட்டாலோ, குற்ற வழக்குப் பதிவாகிப் புலனாய்வு அமைப்பு கேட்டாலோ தரும். புற ஊதா ஒளியில் மட்டும் தெரிகிற எண் ஒன்று ஒவ்வொரு பத்திரத்திலும் இருந்தது. அரசின் கரம் எட்டக்கூடிய இடத்தில், குடிமகனின் கண் எட்டாத இடத்தில் அந்த ரகசியம் வைக்கப்பட்டிருந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தையே செல்லாது என்றது. விவரம் தர ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. மார்ச்சில் அது மறுக்கப்பட்டதும் சில நாட்களில் விவரங்கள் வந்தன. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, ரகசியம் காக்கப்பட்டதா இல்லையா என்பதல்ல. அது யாருடைய ரகசியம்? தன்னை ஆள்பவருக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பது வாக்களிப்பவனுக்குச் சொந்தமான செய்தி. அவனிடமிருந்தே அது காக்கப்பட்டது.

*

இவ்வளவையும் எட்டி நின்று பேசுவது சுலபம். சொல்ல வேண்டியது வேறொன்று.

சில ஆண்டுகளுக்கு முன், இந்த ஊர் அல்லாத வேறோர் ஊரில், ஒரு கிளையில் இருந்தேன். ஒரே தெருவைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பெண்களின் பெயரில் சிறு கடன்கள் பதிவாயின. ஒரு காலை எல்லோரும் கூட்டமாக வந்தார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த தாள்களில் சிலர் கையெழுத்தும் சிலர் பெருவிரல் ரேகையும் வைத்தார்கள். எங்கே வைக்க வேண்டும் என்பதற்குப் பென்சிலில் பெருக்கல் குறி போட்டிருந்தது. அன்று மத்தியானமே எல்லாக் கணக்குகளிலும் பணம் எடுக்கப்பட்டது. என் கவுண்ட்டருக்கு வெளியே அத்தனை பாஸ் புத்தகங்களையும் ரப்பர் பேண்டு போட்டு ஒரே ஆள் கையில் வைத்துக்கொண்டிருந்தார். சீட்டுகளில் பெண்களின் கையெழுத்து சரியாக இருந்தது. நான் பணம் கொடுத்தேன்.

மாலையில் மானேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “தம்பி, நீங்க சேரும்போது ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஞாபகம் இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

ஞாபகம் இல்லை. ஆனால் பயம் வந்துவிட்டது. படிக்காத காகிதத்தின் விசேஷம் இதுதான்: அதை வைத்திருப்பவன் எதைச் சொன்னாலும் அதில் அது எழுதியிருக்கும். டீக்கடையில் பெரியவரிடமிருந்து என்னைக் காப்பாற்றிய அதே காகிதம், இப்போது என்னிடமிருந்து யாரையோ காப்பாற்றிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் விவகாரம், வெளியே பேசக் கூடாது, பேசினால் வேலை போகும் என்று நானே அதன் வாசகத்தை எழுதிக்கொண்டேன். சும்மா இருந்தேன். அந்த மௌனத்துக்கு நேர்மை என்ற பெயரையும் வைத்துக்கொண்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்களுக்கு நோட்டீஸ் போயிற்று. அவர்களில் ஒருவர் அந்தக் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு என் கவுண்ட்டருக்கு வந்தார். “சார், இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க.” வாசித்துச் சொன்னேன். அசல் இவ்வளவு, வட்டி இவ்வளவு, இத்தனை நாளில் கட்ட வேண்டும். “நான் வாங்கவே இல்லியே சார். ஆளுக்கு ஐநூறு ரூபா தந்தாங்க, அதான் தெரியும்” என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு முன்பே தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது.

அன்று இரவுதான் மூன்றாவது அட்டவணையைத் தேடி எடுத்து வாசித்தேன். கையெழுத்திட்டு ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில், என் வேலையை விசுவாசமாகவும் உண்மையாகவும் என் திறமைக்கு எட்டிய மட்டும் செய்வேன் என்று சொல்லியிருக்கிறேன். ரகசியம் இரண்டாவதுதான் வருகிறது. எங்கள் ஊர்க் கோயிலில் ஒரே உருவில் ஒரு பாதி சங்கரன், மறு பாதி நாராயணன். ஒரு பாதியை மறைத்துவிட்டுப் பார்த்தால் அது அந்தத் தெய்வமே அல்ல. மானேஜர் எனக்குக் காட்டியது ஒரு பாதியை.

இரண்டாவது பகுதியில் என்னை நிறுத்தியது வேறொரு சொற்றொடர். வங்கியின் விவகாரத்தையோ, அதனோடு வரவு செலவு உள்ளவர்களின் விவகாரத்தையோ யாருக்கும் தெரிவிக்கமாட்டேன் என்று அது சொல்லவில்லை. ‘சட்டப்படி அதற்கு உரிமையில்லாத யாருக்கும்’ தெரிவிக்கமாட்டேன் என்று சொல்கிறது. அந்தப் பன்னிரண்டு கணக்குகளும் அந்தப் பன்னிரண்டு பெண்களுடையவை. தன் பெயரில் என்ன கடன், எவ்வளவு, என்றைக்கு எடுக்கப்பட்டது என்பதை அறிய அவர்களைவிட உரிமையுள்ளவர் யார்? பணம் கொடுத்த அன்றே, பாஸ் புத்தகங்கள் ரப்பர் பேண்டுக்குள் இருந்தபோதே, ‘அம்மா, உங்க பேர்ல இவ்வளவு கடன் இருக்கு’ என்று ஒவ்வொருவரிடமும் நான் சொல்லியிருக்கலாம். எந்த உறுதிமொழியும் மீறப்பட்டிருக்காது. மீறலுக்குத் துணிச்சல் இல்லை என்று இத்தனை நாள் என்னை நான் நொந்துகொண்டது வீண் பெருமை. துணிச்சல் தேவைப்படவே இல்லை, வாசிப்பு தேவைப்பட்டது.

அந்தப் பெண்களும் வாசிக்காமல் ரேகை வைத்தவர்கள், நானும் வாசிக்காமல் கையெழுத்து வைத்தவன். கவுண்ட்டரின் இரண்டு பக்கமும் ஒரே பென்சில் குறி. அவர்களுக்கு அந்த மொழி தெரியாது, எனக்குத் தெரியும் என்பதை மட்டும் எந்தத் தர்க்கத்தாலும் சமன் செய்ய முடியவில்லை.

*

சட்டப்படி உரிமையுள்ளவரிடம் சொல்ல முடியாத சந்தர்ப்பங்களும் உண்டு. மேலிடத்துக்கு எழுதலாம், எழுதுகிறவனின் பெயர் என்னவாகும்? தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் என்ஜினீயர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளை 2002இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு இலாகா இலாகாவாகப் பயணம் செய்தது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியில் நடந்த கொலை என்று புலனாய்வு முடிவு சொன்னது. கொலைக்குக் காரணம் எதுவானாலும், ஒரு தனி மனிதன் ஸ்தாபனத்திடம் கேட்ட ஒரே ஒரு ரகசியத்தை அது காக்கவில்லை என்பது நிற்கிறது. ஊழியனிடம் ஆயுள் பரியந்தம் மௌனம் எழுதி வாங்குகிற ஸ்தாபனம், அவனுக்கு அதைத் திருப்பித் தருவதாக எந்த அட்டவணையிலும் எழுதிக் கொடுத்ததில்லை. துபேயின் மரணத்துக்குப் பின், 2004இல், தகவல் தருபவரின் பெயரைக் காக்கும் பொறுப்பை மத்திய விஜிலென்ஸ் கமிஷனிடம் ஒப்படைத்து அரசு ஒரு தீர்மானம் போட்டது. அப்படி ஒரு வழி இருப்பது பற்றி எனக்கு எந்தக் கிளையிலும் யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ரகசிய உறுதிமொழி என்றதும் தமிழ் மனத்தில் எழுவது திருக்கோஷ்டியூர். பதினெட்டு முறை நடந்து போய்ப் பெற்ற மந்திரார்த்தத்தை, ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்ற ஆணையோடு பெற்ற மந்திரார்த்தத்தை, ராமானுஜர் கோயிலின் உயரத்தில் ஏறி நின்று ஊருக்குச் சொன்னதாகக் குருபரம்பரைக் கதை. மீறினால் நரகம் என்பது ஷரத்து. நான் ஒருவன் நரகம் போனாலும் கேட்ட அத்தனை பேரும் கடைத்தேறுவார்களே என்பது அவர் பதில். கருணையின் கதையாகவே இது சொல்லப்படுகிறது. எனக்கு இது வாசிப்பின் கதையாகவும் தோன்றுகிறது. தான் கொடுத்த வாக்கை ராமானுஜர் மறுக்கவில்லை. தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று சொல்லவில்லை. ஷரத்துக்கு வேறு அர்த்தம் கற்பிக்கவில்லை. தண்டனைப் பகுதியைத் தனக்கென்று முழுதாக ஏற்றுக்கொண்டு மீறுகிறார். ஓர் உறுதிமொழியை முழுதாக வாசித்தவன் மட்டுமே அப்படி மீற முடியும். அவரை அந்த உயரத்துக்கு ஏற்றியது எந்தக் கேள்வி? இந்த ரகசியம் யாருடையது என்ற கேள்விதான் என்று நினைக்கிறேன். கடைத்தேற வழி என்பது கடைத்தேற வேண்டியவனுக்குச் சொந்தமானது. சொந்தக்காரனிடமிருந்தே அது பூட்டப்பட்டிருந்தது.

இந்தக் கதையை வசதிக்குப் பயன்படுத்தும் ஆபத்தும் உண்டு. டீக்கடையில் ஒருவனின் கடனைச் சொல்லிவிடுவது, கோபுரத்தில் ஏறி நின்று செய்தாலும் ராமானுஜரின் காரியம் ஆகாது. அந்த நரகத்துக்குச் சொன்னவன் போகமாட்டான், கடன்காரன் போவான். உடைத்தவன் விலை கொடுக்கிறானா, மற்றவன் கொடுக்கிறானா என்பது இரண்டையும் பிரிக்கும் கோடு.

ஆகவே ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைப் பரிசீலிப்பது என்றால், ஷரத்து ஷரத்தாகச் சட்ட மொழியைச் சரிபார்ப்பது அதன் கடைசி வேலை. முதலில் கேட்க வேண்டியவை மிகச் சில. நான் காக்கப் போகும் செய்தி யாருக்குச் சொந்தம்? அந்தச் சொந்தக்காரன் வந்து கேட்டால் நான் சொல்லலாமா? எந்த நிலை வந்தால் இதை மீறுவேன், அப்போது என்ன விலை கொடுப்பேன்? மூன்றாவது கேள்விக்கு மனத்துக்குள் பதில் வைத்திருக்காதவன் வாக்குறுதி தரவில்லை. தன் கையைச் சிறிது நேரம் இரவல் கொடுத்திருக்கிறான். ‘எந்த நிலையிலும் மீறமாட்டேன்’ என்பதும் ஒரு பதில்தான். யோசித்துச் சொன்னதாக இருந்தால்.

இந்தக் கேள்விகள் ஒரு குழுவால் கேட்கப்பட முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. குழு சுருக்கொப்பம் இடும். வாசிப்பு தனித்தனியாக, ஒவ்வொரு தலைக்குள்ளும்தான் நடந்தாக வேண்டும். கவிதைக்கு உள்ள அதே நிபந்தனை. நாம் ஒரு சிறு கூட்டம், சொல்லைச் சொல்லாக வாசிப்பதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஒருவரோடொருவர் வாதாடிக்கொண்டிருக்கிறோம். அந்த வாசிப்பைப் பத்திரிகையின் அட்டைக்குள்ளேயே விட்டுவிட்டு வேலைக்குப் போகிறோம் என்பதை நான் என்னை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் எங்கள் கிளையில் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். காகிதக் கட்டு, பென்சில் குறிகள். உறுதிமொழித் தாள் வந்தபோது, “தம்பி, இத மட்டும் வாசிச்சுட்டுப் போடுங்க” என்றேன். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

“நீங்க வாசிச்சுட்டா போட்டீங்க, சார்?”

“இல்ல. அப்புறமா வாசிச்சேன்.”

அவன் சிரித்தான். நான் வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்திருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதல் வரியில் விரலை வைத்தான். அதற்குள் கவுண்ட்டரில் யாரோ கூப்பிட்டார்கள். நான் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது கையெழுத்து விழுந்திருந்தது. கடைசிவரை வாசித்தானா என்று நான் கேட்கவில்லை.